தலைக்குத் தக்க குல்லா: ஊசியும் உல்லனும் புதிதாக எடுப்பவர்களுக்கு

மார்கழி பிறந்தால் ஓசூரில் எங்கள் தெருவில் அஞ்சரை மணிக்குக் கோலம் போடும் பெண்கள் எல்லார் தலையிலும் ஏதோ ஒன்று இருக்கும். ஒருவர் தலையில் டர்க்கி டவல், இன்னொருவர் தலையில் பையனுடைய மப்ளர், மூன்றாமவர் தலையில் வீட்டுக்காரருடைய மங்கி குல்லா. குனிந்து புள்ளி வைக்கும்போது டவல் நழுவிக் கோலமாவில் விழும். எடுத்து உதறினால் கோலம் கலையும். நான் குரோஷே ஊசியை, அதாவது முனையில் கொக்கி இருக்கும் பின்னல் ஊசியை, கையில் எடுத்ததே அந்த டவலோடு நான்கு நாள் மல்லுக்கட்டிய பிறகுதான்.

எங்கள் தெரு மூன்று பாஷை பேசும். தமிழில் குல்லா, தெலுங்கில் குள்ளாயி, கன்னடத்தில் குலாவி. பேரைப் பார்த்தாலே ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். ‘குல்லா போடுவது’ என்றால் ஏமாற்றுவது என்று நம் ஆட்கள் ஏன் சொன்னார்களோ தெரியாது. என் முதல் குல்லாவைப் போட்டுப் பார்த்த என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது நன்றாகவே புரிந்திருக்கும். மூக்கு வரை இறங்கியது. கடைசியில் குக்கர் மேல் கவிழ்த்து வைக்கத்தான் அது பயன்பட்டது.

புதிதாகக் கற்பவர்கள் தோற்பது கை வராமல் அல்ல, அளக்காமல். வீடியோவில் ஒருவர் 80 கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) என்று சொல்வார். அவர் நூல் வேறு, ஊசி வேறு, கை வேறு, அவர் ஊர்த் தலையும் வேறு. எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டால் குக்கருக்குத்தான் குல்லா கிடைக்கும். அதனால் இங்கே நான் எண்களைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்திலேயே சென்டிமீட்டரும் சொல்கிறேன். இரண்டும் சண்டை போட்டால் சென்டிமீட்டர் பக்கம் நில்லுங்கள்.

எதை முதலில் போடுவது?

எல்லாருக்கும் குல்லா ஆசைதான். ஆனால் முதலில் தலைப்பட்டை, அடுத்தது கழுத்துச் சுற்று, மூன்றாவதுதான் குல்லா. தலைப்பட்டை என்பது காதை மூடும் அகலத்தில் ஒரு நீளத் துண்டு. இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தால் முடிந்தது. கழுத்துச் சுற்று என்பது முனை இல்லாத மப்ளர். வட்டமாக இருக்கும், தலை வழியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டிலும் கண்ணி கூட்டுவது குறைப்பது எதுவும் இல்லை. குல்லாவில் இரண்டில் ஒன்று கட்டாயம் வரும்.

எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். 2004 வரை தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம். ஆனால் குளிர் அப்போதும் இப்போதும் ஒன்றில்லை. தளியை வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்தார்கள். அங்கேயும் தேன்கனிக்கோட்டைப் பக்கமும், தர்மபுரியில் வத்தல்மலை மேலேயும் கம்பளி நூல் குல்லா உண்மையாகவே தேவைப்படும். தர்மபுரி டவுனிலும் காவேரிப்பட்டணத்திலும் அதையே போட்டால் ஒன்பது மணிக்கு வேர்த்துக் கொட்டும். அங்கே பருத்தி நூலில் தலைப்பட்டை போதும்.

சாமான்

உள்ளூர் ஃபேன்சி ஸ்டோரில் ‘உல்லன்’ என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான், ஆட்டு ரோமம் அல்ல. அதில் தப்பில்லை. கழட்டிப் போட்டால் துவைக்கலாம், பூச்சி அரிக்காது, கற்றுக்கொள்ள மலிவு. பெங்களூரு போகிறவர்கள் யாராவது இருந்தால் வாங்கி வரச் சொல்லலாம், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தானே. மெல்லிசு, நடுத்தரம், தடிப்பு என்று பல தினுசு இருக்கும். நிட்டிங் வேலைக்கு நடுத்தரமும் குரோஷே வேலைக்குத் தடிப்பும் எடுங்கள். வெளிர் நிறமாகப் பாருங்கள். கறுப்பு, கருநீலம் எல்லாம் அழகுதான், ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணியே தெரியாது. புசுபுசு ரோம நூலைத் தொடவே வேண்டாம். தப்பாகப் போட்டால் பிரிக்க வராது, அது ஒட்டிக்கொண்டு அழும், நீங்களும் அழுவீர்கள்.

நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் சாய லாட் எண் (எந்தத் தடவை சாயம் ஏற்றிய நூல் என்பதைச் சொல்லும் எண்) இருக்கும். ஒரு வேலைக்கு வேண்டிய உருண்டை எல்லாவற்றையும் ஒரே லாட் எண்ணில் வாங்கிவிடுங்கள். ஒரே சிவப்பு என்று நினைத்து அடுத்த வாரம் வாங்கினால், போட்ட பிறகுதான் பாதியில் கோடு கிழித்தது போல நிறம் மாறுவது தெரியும்.

குரோஷே ஊசி 5 மி.மீ. ஒன்று, 4 மி.மீ. ஒன்று. நிட்டிங்குக்கு, அதாவது இரண்டு நேர் ஊசியில் போடும் பின்னலுக்கு, ஊசி ஒரு ஜோடி. இங்கே ஒரு குழப்பம் உண்டு. நம் கடைகளில் நிட்டிங் ஊசியைப் பழைய பிரிட்டிஷ் எண்ணில்தான் விற்பார்கள். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 6-ம் நம்பர் 5 மி.மீ., 8-ம் நம்பர் 4 மி.மீ., 10-ம் நம்பர் 3.25 மி.மீ. ‘தடிப்பு நூலுக்குப் பெரிய நம்பர்’ என்று நினைத்து 12 வாங்கி வந்தால் அது பல் குத்தும் குச்சி மாதிரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது 8.

அப்புறம் இன்ச் டேப், கத்தரிக்கோல், நாலு ஊக்கு, காது பெரிதாகவும் முனை மழுங்கியும் இருக்கும் ஒரு உல்லன் ஊசி. கோணி ஊசியைப் பயன்படுத்தாதீர்கள், அதன் கூர்முனை நூலைக் கிழித்துக்கொண்டு போகும். உருண்டை வீடெல்லாம் உருளாமல் இருக்க ஒரு தூக்குச்சட்டியில் போட்டு, நூலை மட்டும் வெளியே விட்டுக்கொள்ளுங்கள். இதற்கென்று மரக்கிண்ணம் விற்கிறார்கள், தூக்குச்சட்டி அதைவிட நன்றாக வேலை செய்யும்.

அளவு

யாருக்குப் போடுகிறீர்களோ அவர் தலையை அளங்கள். டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை எங்கே அதிகம் துருத்தியிருக்கிறதோ அங்கே சுற்றி வாருங்கள். கொண்டையைச் சேர்க்க வேண்டாம். பெரியவர்களுக்கு 54 முதல் 58 செ.மீ. வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 50 சுற்றி, ஒரு வயதுக் குழந்தைக்கு 45 சுற்றி, பிறந்த குழந்தைக்கு 34, 35. ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கை வைத்துப் போடலாம். ஆள் இருந்தால் அளந்துவிடுங்கள், தலை கணக்குக்கு அடங்காது.

அளந்த எண்ணிலேயே போட்டால் தொளதொளவென்று இருக்கும். பின்னல் துணி இழுபடும், அதனால் குல்லாவைத் தலையைவிட 3 செ.மீ. சின்னதாகப் போட வேண்டும். தலைப்பட்டை இன்னும் அதிகம் இழுபடும் என்பதால் 7, 8 செ.மீ. குறைக்கலாம். தலை 55 என்றால் குல்லா 52, பட்டை 47 அல்லது 48.

இப்போது யாரும் விரும்பாத வேலை: மாதிரித் துண்டு. நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே நூலில், அதே ஊசியில் 15 செ.மீ. சதுரம் ஒன்று போடுங்கள். நடுவில் 10 செ.மீ. அளந்து அதற்குள் எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணுங்கள். 10-க்கு 14 வந்தால், 52 செ.மீ. சுற்றுக்கு 14-ஐ 5.2-ஆல் பெருக்கி 73 கண்ணி என்று தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் நேராக ஆரம்பித்துப் பாதிக் குல்லாவைப் பிரித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், நான் ஒருத்தியே போதும்.

கை பழகுவது

பூ கட்டத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வித்தை. மல்லி கட்டும்போது நாரை விரலில் சுற்றி, இழுக்கவும் விடவும் ஒரு கணக்கு வைத்திருப்பீர்கள் இல்லையா, அதேதான். குரோஷேவில் நூலை இடது கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி, ஆள்காட்டி விரல் மேலே கொண்டுவந்து விட வேண்டும். ஆள்காட்டி விரல் தூக்கியபடி நிற்கும், நூல் அதிலிருந்து ஊசிக்குப் போகும். பூவை இறுக்கிக் கட்டினால் காம்பு நசுங்கும், தளர விட்டால் உதிரும். கண்ணியும் அப்படித்தான். புதியவர்கள் எல்லாரும் இறுக்கிப் பிடிப்பார்கள். ஊசி உள்ளே நுழைய மறுத்தால் கையைத் தளர்த்துங்கள். தளராவிட்டால் அரை மி.மீ. பெரிய ஊசிக்கு மாறுங்கள். இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிச் செய்தால் சரியாக வரும்.

குரோஷேவில் ஐந்து தையல் போதும். சங்கிலி: ஊசியில் இருக்கும் வளையத்துக்குள் நூலை இழுப்பது. சிங்கிள்: கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் நிற்கும், மறுபடி நூலைப் பிடித்து இரண்டையும் தாண்டி இழுப்பது. டபுள்: ஊசியில் முதலில் நூலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் விட்டு இழுத்தால் மூன்று வளையம், முதலில் இரண்டைத் தாண்டி, பிறகு மிச்சம் இரண்டைத் தாண்டி இழுப்பது. மூன்றையும் ஒரே இழுப்பில் தாண்டினால் அது ஹாஃப் டபுள். கடைசியாக இணைப்புக்கு ஸ்லிப் ஸ்டிட்ச்: கண்ணியிலும் ஊசி வளையத்திலும் ஒரே இழுப்பு.

வீடியோ பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக்காரர் சொல்லும் சிங்கிளை இங்கிலாந்துக்காரர் டபுள் என்பார். அமெரிக்க டபுள் அவருக்கு ட்ரெபிள். வீடியோவில் இருப்பவர் ‘சிங்கிள்’ என்ற வார்த்தையைச் சொன்னாலே அது அமெரிக்கக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம், இன்றைய பிரிட்டிஷ் கணக்கில் அந்தப் பெயர் வருவதில்லை. நான் எழுதுவது அமெரிக்கக் கணக்கு.

நிட்டிங் புரிய வேண்டுமானால் வீட்டில் இருக்கும் பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். திருப்பூர் பனியன் துணி மெஷின் போட்ட நிட்டிங்தான். வெளிப்பக்கம் கதிரை அடுக்கி வைத்தது போல வரிவரியாக இருக்கும். அது நிட். உள்பக்கம் திருப்பினால் சின்னச் சின்ன மேடு, அது பர்ல். இரண்டும் ஒரே கண்ணியின் முகமும் முதுகும். கழுத்துப் பட்டியை இழுத்துப் பாருங்கள், விரிந்து தானே சுருங்கும். அங்கே நிட்டும் பர்லும் மாறி மாறி நிற்கின்றன. அதற்குப் பெயர் ரிப். குல்லாவின் விளிம்பு தலையைப் பிடிப்பது இந்த ரிப்பால்தான்.

ஒரு வித்தியாசம் முன்னமே தெரிந்திருக்கட்டும். குரோஷேவில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு வளையம். பால்காரர் கூப்பிட்டால் அதில் ஊக்கைக் குத்திவிட்டு எழுந்து போகலாம். நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணி முழுக்க ஊசியில் உயிரோடு தொங்கும். ஒன்று நழுவினால் ஏணி போலக் கீழே வரை இறங்கும். அப்படி இறங்கினால் பதற வேண்டாம், குரோஷே ஊசியால் ஏணிப்படி ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே ஏற்றிவிடலாம்.

முதல் வேலை: நிட்டிங் தலைப்பட்டை

நடுத்தர நூல், 8-ம் நம்பர் ஊசி. 20 கண்ணி ஏற்றுங்கள், அதாவது ஊசியில் முதல் வரிசைக்கு 20 வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அகலம் 9, 10 செ.மீ. வரும், காது மூடும். எல்லா வரிசையும் நிட் மட்டும். இடது ஊசியில் முதல் கண்ணிக்குள் வலது ஊசியை முன்னாலிருந்து பின்னால் நுழை, நூலைச் சுற்று, சுற்றியதை வெளியே இழு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடு. நுழை, சுற்று, இழு, நழுவவிடு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டால் கை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் 20 இருக்கிறதா என்று எண்ணுங்கள். 21 வந்தால் பெரும்பாலும் வரிசையின் ஆரம்பத்தில் நூல் ஊசிக்கு மேலே ஏறிக் கிடந்திருக்கும், ஒரு கண்ணி இரண்டாகத் தெரிந்து இரண்டிலும் போட்டிருப்பீர்கள். 19 வந்தால் ஒன்றைக் கீழே விட்டிருக்கிறீர்கள், போய்த் தேடுங்கள்.

47 செ.மீ. வந்ததும் கண்ணிகளை மூடுங்கள்: இரண்டு கண்ணி போட்டு, முதலாவதை இரண்டாவதுக்கு மேலாகத் தூக்கிக் கீழே விடுவது, இப்படியே கடைசி வரை. தளர்வாக மூட வேண்டும். பிறகு இரண்டு முனையையும் சேர்த்துத் தையுங்கள். முன்நெற்றியில் முடிச்சுப் போல முறுக்கு வேண்டுமானால் ஒரு சின்ன வித்தை உண்டு. ஒவ்வொரு முனையையும் நீளவாக்கில் பாதியாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் மற்றொன்றின் ஒரு பாதியைச் செருகுங்கள், இரண்டு கைகள் விரல் கோத்தது போல. நாலு அடுக்கு வரும். நாலையும் சேர்த்துத் தைத்துத் திருப்பினால் முன்பக்கம் முறுக்கு தயார். பார்ப்பவர்கள் பெரிய வித்தை என்று நினைப்பார்கள். நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது: கழுத்துச் சுற்று

பைக்கில் போகிறவர்களுக்கு இதை நான் மப்ளருக்குப் பதிலாகவே சிபாரிசு செய்கிறேன். சிப்காட்டில் காலை ஷிஃப்டுக்கு விடியும் முன்னே ஸ்கூட்டியில் கிளம்பும் பெண்கள் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பக்கென்று இருக்கும். அதன் முனை பின்சக்கரத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கழுத்துச் சுற்றுக்கு முனையே கிடையாது.

தடிப்பு நூல், 5 மி.மீ. குரோஷே ஊசி. 37 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து மூன்றாவது சங்கிலியில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு ஹாஃப் டபுள், மொத்தம் 35 வரும். திருப்பி, 2 சங்கிலி போட்டு, மறுபடி 35. ஆனால் இந்த வரிசையிலிருந்து கண்ணியின் இரண்டு இழையில் பின்பக்க இழையில் மட்டும் ஊசியை விடுங்கள். முன் இழை சும்மா நிற்கும். இப்படியே போகப் போக வரப்பு வரப்பாக மேடு விழும், துணி ரப்பர் போல இழுபடும். சுமார் 60 வரிசையில் 60 செ.மீ. நீளம் வரும். வரிசையை எண்ணாதீர்கள், டேப்பை வையுங்கள். முதல் விளிம்பையும் கடைசி விளிம்பையும் சேர்த்து ஸ்லிப் ஸ்டிட்ச்சில் இணைத்தால் வட்டம். 25 செ.மீ. உயரம், கழுத்தையும் தாடையையும் மூடும், இழுத்தால் மூக்கு வரை ஏறும்.

வரிசை ஓரத்தில் கடைசிக் கண்ணியை விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. துண்டு முக்கோணமாகக் குறுகிக்கொண்டே போகும். ஓரக் கண்ணியில் ஊக்கு ஒன்றைக் குத்தி வைத்தால் அது கண்ணில் படும்.

மூன்றாவது: குரோஷே குல்லா

உச்சியிலிருந்து கீழே இறங்கும் குல்லா இது. அதே தடிப்பு நூல் சுமார் 100 கிராம், 5 மி.மீ. ஊசி.

4 சங்கிலி போட்டு ஸ்லிப் ஸ்டிட்ச்சால் வளையமாக்குங்கள். 3 சங்கிலி போடுங்கள், அது ஒரு டபுளுக்குச் சமம். வளையத்துக்குள் இன்னும் 11 டபுள். மொத்தம் 12. மூன்றாவது சங்கிலியில் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு மூடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு டபுள், 24. மூன்றாம் சுற்றில் ஒன்றில் இரண்டு, அடுத்ததில் ஒன்று என்று மாறி மாறி, 36. நான்காம் சுற்றில் ஒன்றில் இரண்டு, அடுத்த இரண்டிலும் ஒவ்வொன்று, 48. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் 12 ஏறும். ஐந்தில் 60, ஆறில் 72. ஒவ்வொரு சுற்றும் 3 சங்கிலியில் தொடங்கி ஸ்லிப் ஸ்டிட்ச்சில் முடியும். சுற்றின் முதல் கண்ணியில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கட்டி வையுங்கள், எங்கே தொடங்கினோம் என்று தேட வேண்டியிருக்காது.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வட்டத்தைத் தரையில் வைத்துப் பாருங்கள். பொரிக்காத அப்பளம் போலத் தட்டையாக உட்கார வேண்டும். பொரித்த அப்பளம் போல ஓரம் நெளிந்தால் கண்ணி அதிகமாகிவிட்டது. பணியாரக் குழி போல நடுவில் பள்ளம் விழுந்தால் கண்ணி போதவில்லை, அல்லது கை இறுக்கம். நெளிந்தால் பரவாயில்லை, கீழே போகப் போகச் சரியாகிவிடும் என்று மனம் சொல்லும். ஆகாது. அந்தச் சுற்றைப் பிரித்து எண்ணிப் போடுங்கள். குரோஷேவில் பிரிப்பது ஒரு இழுப்புத்தான், நூல் அப்படியே திரும்பக் கிடைக்கும். எனக்கு இதில் தைரியம் வர ஒரு வருஷம் ஆனது.

எப்போது கூட்டுவதை நிறுத்துவது? இதுதான் குல்லாவின் ரகசியம் முழுவதும். குல்லாவின் சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் உச்சி வட்டம் எவ்வளவு குறுக்களவு இருக்க வேண்டும் என்று வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்டோமே, இதற்குத்தான். 52-ஐ வகுத்தால் 16.5 செ.மீ. தட்டை வட்டம் 16.5 தொட்டதும் நிறுத்திவிடுங்கள், அப்போது சுற்றில் 60 கண்ணி இருந்தாலும் சரி, 72 இருந்தாலும் சரி. ஆறு மாதக் குழந்தைக்குக் குல்லா 40 செ.மீ. என்றால் வட்டம் 13-லேயே நிற்க வேண்டும்.

அதன் பிறகு கூட்டல் இல்லை. ஒரு கண்ணிக்கு ஒரு டபுள், சுற்றிச் சுற்றி. இரண்டு சுற்றில் ஓரம் தானாகக் கீழே மடங்கும், கையில் குல்லா மாதிரி ஒன்று உருவாவதைப் பார்ப்பீர்கள். அந்த நேரம் இரவு பதினொரு மணியாக இருந்தாலும் கீழே வைக்க மனசு வராது. உச்சியின் நடுவிலிருந்து விளிம்பு வரை 19 செ.மீ. வந்ததும் தலையில் போட்டுப் பாருங்கள். காது மடலைப் பாதி மூடினால் சரி. கடைசி மூன்று சுற்றை சிங்கிளில் கொஞ்சம் இறுக்கமாகப் போட்டால் விளிம்பு தலையைப் பிடிக்கும். மடித்து விடும் விளிம்பு வேண்டுமானால் 25 செ.மீ. வரை போங்கள்.

நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, உல்லன் ஊசியில் கோத்து, கண்ணிகளுக்குள் ஒரு திசையில் கொஞ்சம், எதிர்த் திசையில் கொஞ்சம் ஓட்டி மறைத்துவிடுங்கள். ரிப்பன் முனையைத் தீயில் காட்டுவது போல அக்ரிலிக் முனையைக் கொளுத்தாதீர்கள். உருகிக் கட்டியாகி நெற்றியில் குத்திக்கொண்டே இருக்கும்.

இரண்டு ஊசியில் நிட்டிங் குல்லா

வட்ட ஊசி இல்லாமலேயே முடியும், பின்னால் ஒரு தையல் மட்டும் வரும். நடுத்தர நூல், 8-ம் நம்பர் ஊசி, மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால் 110 ஏற்றுங்கள். 2 நிட், 2 பர்ல் என்று போய்க் கடைசியில் 2 நிட்டில் முடியும். திரும்பும் வரிசை 2 பர்லில் தொடங்கும். இந்த ரிப் 6 செ.மீ. பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி, மொத்தம் 14 செ.மீ. வரை.

இப்போது உச்சி. 1 நிட், அப்புறம் 10 நிட், 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாக, இதை ஒன்பது முறை, கடைசியில் 1 நிட். 101 மிஞ்சும். அடுத்த வரிசை முழுக்க பர்ல். அதற்கடுத்து 10-க்குப் பதில் 9 நிட், பிறகு 8. ஒவ்வொரு நிட் வரிசையிலும் 9 குறையும். பதினொரு முறை குறைத்தால் ஊசியில் 11 கண்ணி. நூலை வெட்டி ஊசியில் கோத்து அந்தப் பதினொன்றுக்குள்ளும் ஓட்டி, சுருக்குப்பை வாயை இழுப்பது போல இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே நூலால் பின்பக்கத்தைத் தைத்துக்கொண்டு கீழே வந்துவிடலாம்.

போடும்போதும் துவைக்கும்போதும்

ஹெல்மெட்டுக்குள் கைப்பின்னல் குல்லா வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் தலையோடு ஒட்டி நின்றால்தான் காப்பாற்றும். நடுவில் அரை அங்குலக் கம்பளி இருந்தால் அது ஆடும். குல்லாவைப் பையில் வையுங்கள், போய் இறங்கிப் போட்டுக்கொள்ளலாம். வழிக்குக் கழுத்துச் சுற்று போதும்.

கைக்குழந்தைக்குப் போடுவதென்றால் தாடைக்குக் கீழே கட்டும் கயிறு வைக்காதீர்கள், பிடுங்கி வாயில் போடக்கூடிய பாசி, பட்டன், தளர்வான பஞ்சுப் பந்து எதுவும் வேண்டாம். ஓட்டை பெரிதாக வரும் பின்னலும் வேண்டாம், விரல் மாட்டும். மென்மையான பருத்தி அல்லது குழந்தைகளுக்கென்று விற்கும் நூலில் போட்டு, ஒருமுறை துவைத்துவிட்டுக் கொடுங்கள். சீர் தட்டில் வைக்கும் குல்லாவைக் கடைப்பை வாசத்தோடு அப்படியே மாட்டிவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு.

அசல் ஆட்டு ரோம நூலில் போட்டிருந்தால் வெந்நீரில் ஊறவைத்துக் கசக்காதீர்கள். ரோமம் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, நீட்டவே முடியாத தடித்த துணியாகிவிடும். நான் அப்படி ஒரு குல்லாவைத் துவைத்து எடுத்தபோது அது தேங்காய் மூடிக்குத்தான் பொருந்தியது. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, லேசாக அமுக்கி எடுத்து, டவலில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் தட்டையாகப் பரப்பிக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர் எடை இழுத்து நீளமாகிவிடும். அக்ரிலிக் இத்தனை நாசூக்குக் கேட்காது, ஆனால் இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் துவண்டு போகும், திரும்ப நிமிராது.

மாசி முடிந்து வெயில் ஏறியதும் நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு டிரங்குப் பெட்டியில் வையுங்கள். வைக்கும்போது ஒரு சின்னச் சீட்டில் யார் தலை, எத்தனை செ.மீ., எந்த ஊசி, எத்தனை கண்ணி என்று எழுதிக் குல்லாவுக்குள்ளேயே செருகிவிடுங்கள். அடுத்த கார்த்திகையில் பக்கத்து வீட்டு அக்கா ‘அதே மாதிரி எனக்கு ஒன்று’ என்று வந்து நிற்பார்.